மூணு மணிக் கிளட்ச்

கரட்டூரில் தறி ஓடாத நேரம் என்று ஒன்று கிடையாது. பகல் சிப்ட்டு ஆள் இறங்கி இரவு சிப்ட்டு ஆள் ஏறும்போதுகூட அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். கல்யாணத்துக்கும் ஓடும், சாவுக்கும் ஓடும், மாரியம்மன் நோம்பிக்கு ஒருநாள் நிறுத்தினால் அந்த அமைதிக்குப் பயந்து பச்சைக் குழந்தைகள் வீறிட்டு அழும், அப்பேர்ப்பட்ட ஊர். அந்த ஊரில் எல்லோருக்கும் அலுப்பு. சித்த நேரம் உட்கார்ந்து எழுந்தால் போகிற அலுப்பு இல்லை. படுத்தால் கூடவே படுத்து, எழுந்தால் கூடவே எழுந்து, சோற்றுத் தட்டுக்கு முன்னாலும் கூடவே சம்மணம் போட்டு உட்காருகிற அலுப்பு. அதைப் பற்றி யாரும் பேசிக்கொள்வதில்லை, பேசவும் தெம்பு வேண்டுமே.

நாச்சிமுத்து தறிக்காரன் இல்லை, வண்டி மெக்கானிக். நடுத்தெரு முக்கில் தகரம் போட்ட ஒர்க்‌ஷாப், அதற்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அந்த அறையில் கயிற்றுக் கட்டிலில் அவன் மனைவி பூவாயி கிடந்தாள். இருபத்திரண்டு வருசம் நின்றே தறி ஓட்டினவள், ஒருநாள் அறுந்த நூலை முடிச்சிடக் குனிந்தவள் நிமிரவில்லை. முதுகெலும்பில் ஜவ்வு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார், மாத்திரை எழுதினார், பெல்ட் கட்டச் சொன்னார். எல்லாம் செய்து பார்த்தாயிற்று. பதினோரு மாதமாக அவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் வலி எழுப்பி உட்கார வைத்துவிடும். அவளுடைய முனகலும் தறிச் சத்தமும் கலந்து ஒரே சத்தமாகி நாச்சிமுத்துவின் காதுக்குப் பழகிப் போயிருந்தது. அவனுக்கு வேறு ஆசையே இல்லை, அவள் ஒருநாள் நிம்மதியாகத் தூங்க வேண்டும், அது ஒன்றுதான். அது நடக்காது என்றும் அவனே முடிவு கட்டி வைத்திருந்தான்.

ஆனி மாதத்து முற்பகல் ஒன்றில், பட்டறை பட்டறையாக நூல்மூட்டை கொண்டுபோய்ப் போடுகிற மாரப்பன் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். எண்பத்தாறாம் வருசத்து மோட்டார் சைக்கிள். டாங்கில் பச்சை எது, துரு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பின்னால் இரண்டு மூட்டை அப்படியே இருந்தன.

"கிளட்ச் கம்பி புட்டுக்கிச்சுங்கண்ணா," என்றான். "ரெண்டு மைலு தள்ளிட்டு வந்தனுங்க."

"மூட்டைய எறக்கி வெச்சுட்டு வர்றதுதான?"

"எறக்கலாமுங்க. பொறவு யாரு ஏத்தறது?"

நாச்சிமுத்து கீழே குந்திக் கம்பியைப் பார்த்தான். அந்த வண்டிக்குக் கிளட்ச் கேபிள் எந்தக் கடையிலும் வருவதில்லை. வராத சாமானுக்குக் கரட்டூர்க்காரர்கள் செய்கிற வேலை ஒன்றுதான், தறியில் தேடுவார்கள். தறி பெல்ட்டை அறுத்துச் செருப்புக்கு அடி வைப்பார்கள், தறிக் கட்டையில் கட்டிலுக்குக் கால் போடுவார்கள். பூவாயி ஓட்டின தறியைப் போன வருசம் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டபோது, நூலைத் தூக்கி இறக்குகிற சட்டத்தில் கட்டியிருந்த மெல்லிய கம்பிக் கயிறு ஒன்றை நாச்சிமுத்து உருவி ஆணியில் மாட்டி வைத்திருந்தான். இருபத்திரண்டு வருசம் இழுபட்ட கம்பி, இன்னும் இழை பிரியாமல் இருந்தது. அதை எடுத்தான்.

அறுந்த கம்பியை அதன் மேல்கூடான குழாயிலிருந்து உருவிப் போட்டான். கூட்டை மண்ணெண்ணெயில் அலசி, மேல் வாயில் காகிதத்தைப் புனலாகச் சுருட்டி வைத்து எண்ணெய் விட்டு, அடி வாயில் சொட்டுகிறவரைக்கும் பொறுமையாக உட்கார்ந்திருந்தான். தறிக் கம்பியை உள்ளே செலுத்தி, நுனி இழைகளைப் பிரித்து, ஈயம் காய்ச்சி ஊற்றிக் குண்டு வைத்து, அரத்தால் ராவி, இடது கைப்பிடியில் இருந்த கிளட்ச் லிவரின் பள்ளத்தில் உட்கார வைத்தான். கீழ்முனையை எஞ்சின் பக்கத்துக் கொக்கியில் மாட்டினான். அப்புறம் லூசு வைக்கிற வேலை, மெக்கானிக்கின் கை தெரிவது அதில்தான். கம்பியை விறைப்பாக வைத்தால் உள்ளே பிளேட்டு ஓயாமல் உரசிக் கருகிப் போகும், தொளதொளவென்று விட்டால் கியர் விழாது. லிவர் முதலில் தீப்பெட்டி அட்டை கனத்துக்குச் சும்மா வந்து, அதற்கப்புறம்தான் கம்பியை இழுக்க வேண்டும். லிவருக்குப் பக்கத்துத் திருகை ஒரு சுற்று வெளியே எடுத்தான், அரைச் சுற்று உள்ளே விட்டான், நட்டை இறுக்கினான்.

வண்டியை நடு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, உதைத்து, முதல் கியரில் போட்டான். பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றியது. லிவரை இழுத்தான், சக்கரம் நின்றது. அதோடு ஊரின் மூன்று தெருவிலும் இருந்த அத்தனை பேர் மேலிருந்தும் பாரம் கழன்றது.

தறி நிற்கவில்லை, அது பாட்டுக்கு ஓடியது. தறிக்கு முன்னால் நின்றவர்களுக்குக் கால் கடுப்பு போன இடம் தெரியவில்லை. இரண்டு குடத்தோடு முக்குத் திரும்பிய ரங்கம்மாவின் இடுப்பில் குடம் இருந்தது, குடத்தில் தண்ணீர் இருந்தது, கனம் மட்டும் இல்லை. அவள் அப்படியே நின்று யாருடைய வீட்டுச் செம்பருத்தியையோ வேடிக்கை பார்த்தாள். டீக்கடைப் பலகையில், வீட்டை விட்டுப் போன மகனை மூன்று வருசமாகத் தேடிக்கொண்டிருந்த ஒருவர், அந்தக் கவலை தன்னை விட்டு எழுந்து ஓரமாகப் போய் நிற்பதைப் பார்த்துவிட்டு, டீயை ருசித்து ஒரு வாய் குடித்தார். நூல்மூட்டைமேல் சாய்ந்திருந்த மாரப்பன், "என்னமோ ஆச்சுங்கண்ணா எனக்கு," என்று சொல்லித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

நாச்சிமுத்துவுக்கு மட்டும் ஒன்றும் கழலவில்லை. லிவர் கனமாக இருந்தது, எண்ணெய் பத்தவில்லையோ என்று நினைத்தான். அப்போதுதான் வீட்டுக்குள் முனகல் நின்றுபோயிருப்பது அவனுக்கு உறைத்தது.

"பூவாயி?"

பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டான், அதற்கும் இல்லை. லிவரைப் பட்டென்று விட்டுவிட்டு உள்ளே ஓடினான். கிளட்சை அப்படி விட்டால் வண்டி எப்படித் துள்ளுமோ அப்படி மூன்று தெருவும் துள்ளியது. ரங்கம்மா குடத்தோடு விழுந்தாள், தறிக்காரர்கள் முன்னால் சாய்ந்து தறியையே பிடித்துக்கொண்டார்கள், டீ குடித்தவர் நெஞ்செல்லாம் டீயும் மறுபடி மகனுமாக உட்கார்ந்திருந்தார். பூவாயி உயிரோடுதான் இருந்தாள். வலியில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"ஏனுங்க எழுப்பிட்டீங்க?" என்று அழுதாள். "இப்பத்தானுங்க கண்ணசந்தேன்."

நாச்சிமுத்து திரும்பி வந்து, வண்டியைப் பார்த்தான், லிவரைப் பிடித்து இழுத்தான். முனகல் நின்றது. அரை மணி நேரம், கை மரத்துப் போகிறவரைக்கும், அவன் விடவே இல்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்று கரட்டூரில் ஒருத்தரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள்.

மூன்று மணி என்று முடிவாயிற்று. அந்த நேரத்தில்தான் தகரம் காய்ந்து, கண்ணில் நூல்தூசி அப்பி, இன்னும் ஐந்து மணி நேரம் நிற்க வேண்டுமே என்று பகல் சிப்ட்டுக்கு நெஞ்சடைக்கும். மூன்றிலிருந்து மூன்றரை வரைக்கும், அதற்கு மேல் நாச்சிமுத்துவின் கை தாங்காது. மாரப்பனின் வண்டியை ஊர் எடுத்துக்கொண்டது. அதற்குப் பதிலாக அவனுக்குத் தறிப்பட்டறை முதலாளி சென்னியப்பன் தன்னுடைய மொபெட்டைக் கொடுத்தார். நூல் அறுவதைக்கூடப் பார்க்காமல் ஆட்கள் இளித்துக்கொண்டு நிற்கிறார்கள், துணியெல்லாம் பாழ் என்று முதல் வாரம் குதியோ குதியென்று குதித்தவர் அவர்தான், இரண்டாவது வாரத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வாசலில் நாற்காலி போட்டு முதல் ஆளாக உட்காருகிறவரும் அவர்தான். பெட்ரோல் முறை வைத்து வீட்டுக்கு வீடு பாட்டிலில் வந்தது.

கொஞ்ச நாளில், செய்யக் கஷ்டமான காரியத்தையெல்லாம் ஊர் மூன்று மணிக்குத் தள்ளி வைத்துவிட்டது. காலில் ஏறிய முள்ளை மூன்று மணிக்கு எடுத்தார்கள், ஆடின பல்லை மூன்று மணிக்குப் பிடுங்கினார்கள், பரீட்சையில் கோட்டை விட்டவன் மூன்று மணி அடித்ததும் அப்பனிடம் போய்ச் சொன்னான், அப்பனும் "அப்படியா கண்ணு" என்று கேட்டுக்கொண்டார். பத்து வருசம் முகம் பார்க்காத பங்காளிகள் மூன்று மணிக்கு எதிரெதிரே உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார்கள். மேற்குத் தெருவில் ஒரு பெரியவர் தவறியபோது பாடையை மூன்றுக்குத்தான் எடுத்தார்கள். தூக்கின நாலு பேரும் கையை வீசிக்கொண்டு போனமாதிரி போனார்கள், ஒப்பாரி வைத்த பெண்கள் பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டுக் காற்று வாங்கினார்கள், மூன்றரைக்கு அதே சொல்லின் மீதியிலிருந்து அழுதார்கள்.

கெடுதலும் இல்லாமல் இல்லை. ஒருநாள் ரங்கம்மாவின் மருமகள், தொட்டிலில் பிள்ளை கத்துவது காதில் விழுந்தும், அது தன்னை இழுக்காமல், அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்; மூன்றரைக்கு அவள் வாய்விட்டு அழுததை யாராலும் தேற்ற முடியவில்லை. அதற்கும் ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. பால் கொடுக்கிறவர்கள் மட்டும் இரண்டே முக்காலுக்கெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று தெருவையும் தாண்டி வாய்க்கால் மேட்டில் போய் உட்கார வேண்டும் என்று ஆயிற்று, அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். லிவரை விடுவதிலும் நாச்சிமுத்து பக்குவம் படித்துக்கொண்டான். பாதி விட்டுச் சித்த நேரம் நிறுத்துவான், அந்த நேரத்தில் எல்லோரும் எழுந்து செருப்பைப் போட்டுக்கொள்வார்கள், மீதியை மெல்ல விடுவான், பாரம் அவரவர் தோளில் அலுங்காமல் வந்து ஏறும்.

பூவாயி தினமும் அரை மணி நேரம் தூங்கினாள். அதற்கே அவள் முகம் தெளிந்துவிட்டது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள், மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கினாள், சுவரைப் பிடித்து நாலு எட்டு நடந்தாள். நாச்சிமுத்துவுக்கு அதைப் பார்க்கச் சந்தோசமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

ஆனால் பிடிக்கிறவனுக்கு மட்டும் ஒன்றும் கழலாது. போதாததற்கு மூன்று தெருவின் கனமும் அந்த ஒற்றைக் கம்பி வழியாக வந்து அவனுடைய இடது கையில் தொங்கும். ஆவணிக்குள் அவன் மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஸ்பேனர் பிடித்தால் நழுவியது, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, பூவாயிதான் போட்டுவிட்டாள். முறை வைத்து ஆள் மாற்றலாம் என்று ஊரில் பேச்சு வந்தது, வராமல் இல்லை. மாரப்பன் ஒருநாள் பிடித்தான், அம்பது எண்ணுவதற்குள் முகம் வெளுத்து, "உங்க கை வாகு எனக்கு வரலீங்கண்ணா," என்று கொடுத்துவிட்டான். அடுத்தடுத்து வந்தவர்களும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நாச்சிமுத்து யாரையும் குறை சொல்லவில்லை. அவனவனுக்கு நாளில் இருப்பதே அந்த அரை மணி நேரம், அதை எவன் கொடுப்பான்?

ஒருநாள் காலையில் அவள் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டான்.

"அது எப்படிப் புள்ள இருக்கும்?"

"எதுங்க?"

"நான் இழுத்துப் புடிச்சிருக்கறப்ப."

பூவாயி யோசித்தாள். "மேல யாரோ ஏறி உக்காந்திருந்தாங்க. எந்திரிச்சுப் போயிட்டாங்க. அவ்வளவுதானுங்க."

"அப்படியா," என்றான் நாச்சிமுத்து. அவனுக்குப் பொறாமையாக இருந்தது. பெண்டாட்டி தூங்குகிற தூக்கத்தின்மேல் பொறாமைப்படுகிறவனும் ஒரு மனுசனா என்று வெட்கமாகவும் இருந்தது. எழுந்து போய் யாருடைய பஞ்சரையோ ஒட்டினான். பூவாயி அவன் வீங்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புரட்டாசியில் கம்பி நீள ஆரம்பித்தது. நீண்டால் லூசு கூடும், அதை எடுக்கத் திருகை ஒரு சுற்று வெளியே எடுப்பான். எடுத்து எடுத்துத் திருகில் மரையே மிச்சமில்லை, கீழே எஞ்சின் பக்கத்துத் திருகிலும் அதே கதைதான். பிறகு லிவருக்கு அடியில் ஓர் இழை புட்டுக்கொண்டு விரலில் குத்தியது. மறுநாள் இன்னும் இரண்டு. அவன் அதை மறைக்காமல் சென்னியப்பனிடம் சொன்னான், சொன்ன வாய் மூடுவதற்குள் ஊர் கூடிவிட்டது. வாரத்துக்கு ஒருநாள் இழுக்கலாம் என்றார் ஒருவர். நோம்பிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர். இத்தனை நாள் யார் அதிகம் அனுபவித்தது என்று ஒரு பேச்சு கிளம்பி, கிழக்குத் தெருவும் மேற்குத் தெருவும் ஒன்றையொன்று ஏசிக்கொண்டன; ஏசவும் முழுத்தெம்பு இல்லாமல் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டன. பட்டறைக்கு ஒன்றாகப் பழைய தறிக் கம்பி கொண்டுவந்து கொட்டினார்கள். நாச்சிமுத்து பதினோரு கம்பிக்குக் குண்டு வைத்து, தன் கம்பியைக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தான். பதினொன்றும் நல்ல கிளட்ச் கம்பிகள், சக்கரம் நின்றது, வேறு எதுவும் நிற்கவில்லை. பழையதையே எடுத்து மாட்டினான்.

கடைசியில் ஒரு புதன்கிழமை. மூன்று இழைதான் மிச்சம். இழுத்தால் அன்றைக்கே போய்விடும் என்று அவனுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டரைக்கே வாசலில் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வெறும் ஐந்து நிமிசமாக இருந்தால் அந்த ஐந்து நிமிசத்தை யார்தான் விடுவார்கள்? நாச்சிமுத்து வண்டியை உதைத்து, கியரில் போட்டு, லிவரில் கை வைத்தான். மனசுக்குள் ஒரே கணக்குதான் ஓடியது, இன்றோடு அவளுக்குத் தூக்கம் போயிற்று.

பூவாயி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அக்கட்டால நவுருங்க," என்றாள்.

"உனக்குத்தான் புள்ள இழுக்கறேன். போயிப் படு."

"நான் தூங்குன வரைக்கும் போதுமுங்க. நீங்க போயிப் படுங்க."

"உன்னால நிக்க முடியாது."

"இருவத்திரண்டு வருசம் நின்னவதானுங்க நானு."

"கம்பி போயிரும் பூவாயி. இதோட சரி. இனிமே கெடையாது."

"தெரியுமுங்க," என்றாள். "அதனாலதான் வந்தேன்."

ஊர் தலையைக் குனிந்துகொண்டது. எங்கே தன்னைப் பிடிக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் சென்னியப்பன் முந்திக்கொண்டு, "அந்தப் புள்ள சொல்றதும் நாயந்தான் நாச்சிமுத்து," என்றார். அவள் அவனுடைய விரலுக்கு மேலேயே தன் விரலை வைத்து லிவரைப் பிடித்துக்கொண்டாள். நாச்சிமுத்து கையை உருவி எடுத்தான். அவளோடு வாதாடவும் அவனிடம் தெம்பு இல்லை, அதுதான் உண்மை.

உள்ளே போய்க் கட்டிலில் விழுந்தான். கயிறு அவள் உடம்பின் அளவுக்குக் குழிந்திருந்தது. தறிச் சத்தம் கேட்டது, வண்டிச் சத்தம் கேட்டது. பிறகு அவள் லிவரை இழுத்திருக்க வேண்டும். முதலில் மணிக்கட்டு கழன்றது, அப்புறம் தோள், அப்புறம் பிடரியில் இருந்த ஏதோ ஒன்று. அப்புறம் பதினாலு மாதமாக ஒரு நிமிசம் ஓயாமல் அவளுடைய முனகலுக்குக் காது கொடுத்துக்கொண்டே இருந்தானே, தூக்கத்தில்கூடக் கொடுத்துக்கொண்டிருந்தானே, அதுவும் ஒரு பாரம் என்று அதுவரைக்கும் தெரியாமலே சுமந்த பாரம், அது கழன்றது. யாரோ எழுந்து போகிறார்கள், அவள் சொன்னது சரிதான் என்று நினைத்தான். அந்த நினைப்பு முடிவதற்குள் தூங்கிப்போனான்.

கண்ணை விழித்தபோது வெயில் கிழக்குச் சுவரில் ஏறி மங்கியிருந்தது. தறி ஓடிக்கொண்டிருந்தது. வண்டிச் சத்தம் இல்லை. கை வலி வந்துவிட்டிருந்தது, ஆனால் கண் இரண்டும் கழுவி விட்டதுபோல் இருந்தன. எழுந்து ஒர்க்‌ஷாப் வழியாக வாசலுக்கு வந்தான்.

வாசலில் ஒருத்தரும் இல்லை. சென்னியப்பனின் நாற்காலி மட்டும் கிடந்தது. பூவாயி வண்டிக்குப் பக்கத்தில் வளைந்து நின்றுகொண்டிருந்தாள். ரவிக்கை முதுகெல்லாம் வேர்வை. இரண்டு கையாலும் லிவரை ஹேண்டில்பாரோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். லிவருக்கு அடியில் கம்பியின் நுனி மூன்று இழையும் விரிந்து சும்மா தொங்கியது.

"எப்ப அறுந்துச்சு?" என்றான்.

"நீங்க படுத்த கொஞ்ச நேரத்துலயே."

"எல்லாரும்?"

"போயிட்டாங்க. தறி கெடக்குதில்லீங்க."

"வண்டி?"

"அது பெட்ரோல் தீந்து எப்பவோ நின்னு போச்சு."

நாச்சிமுத்து தொங்குகிற கம்பியைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான்.

"அப்புறம் எதுக்குப் புள்ள இன்னும் புடிச்சுட்டு நிக்கற?"

"விட்டா நீங்க முழிச்சுக்குவீங்களோன்னுதான்," என்றாள்.

அவளால் விரலை நிமிர்த்த முடியவில்லை. நாச்சிமுத்து பக்கத்தில் போய், தன் வீங்கிய கையால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.